லேசான புகை வாசனை

ஈரல் உருண்டை சூப் மேசைக்கு வந்ததும் ஃபெர்னான் கரண்டியைக் கையில் எடுத்தான். ஆனால் சாப்பிடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அவன் மனைவி மார்லீஸ் தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்து, மென்று, விழுங்கும்வரை அவன் கண் அவள் வாயைவிட்டு நகரவில்லை. சமையலறைக் கதவோரம் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவருக்குக் கேட்காத தாழ்ந்த குரலில், வெளியே ஆற்றில் போகும் படகைப் பற்றிப் பேசுகிறவள் போல முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு மார்லீஸ் சொன்னாள்: "ஜாதிக்காய் தூக்கல். ஈரல் புதுசு. சாறு நேத்து வச்சது, இன்னிக்குச் சுட வச்சிருக்காங்க." ஃபெர்னான் தலையசைத்துவிட்டு ஒரு கரண்டி குடித்தான். கண்ணை மூடி நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை உருட்டினான். பிறகு கடைக்காரரைப் பார்த்து, "ஜாதிக்காய் இன்னிக்குக் கொஞ்சம் கை தவறிடுச்சு போல?" என்றான். கடைக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். "முசியே ஒபெர்லே நாக்குக்குத் தப்ப முடியுமா! புதுப் பையன் சார், நானும் இப்பத்தான் திட்டிட்டு வந்தேன்."

ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில் ஃபெர்னான் ஒபெர்லேயைத் தெரியாத சமையலறை கிடையாது. இருபத்திரண்டு வருடங்களாகச் சனிக்கிழமைதோறும் நாளிதழில் ஒரு முழுப் பக்கம் அவனுடையது. இடது பாதியில் நகரத்துக்குள் எங்கே சாப்பிடலாம், வலது பாதியில் மலையடிவாரத்துத் திராட்சைக் கிராமங்களில் எங்கே சாப்பிடலாம். வருடக் கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு புத்தகமாக வரும். அதை வண்டியில் போட்டுக்கொண்டுதான் ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை திராட்சைச் சாலையில் கிளம்புவார்கள். அவன் ஒரு நல்ல வரி எழுதினால் அடுத்த வாரம் வாசலில் ஆள் நிற்கும். ஒரு கெட்ட வரி எழுதினால் நாற்காலியைக் கவிழ்த்து மேசைமேல் வைத்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

நான்கு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரிக் காலையில் டிராம் நிறுத்தத்துப் பனியில் அவன் வழுக்கி விழுந்தான். பின்மண்டையில் அடி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சமையலறையில் நின்றுகொண்டு, "இந்தக் காப்பில என்னத்தைக் கலந்தே? வெந்நி மாதிரி இருக்கு" என்றான். மார்லீஸ் அவன் கோப்பையை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். காப்பி எப்போதும் போலத்தான் இருந்தது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு அறுந்திருக்கலாம், வாசனை திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்றார் டாக்டர். திரும்பவில்லை. உப்பு, புளிப்பு, இனிப்பு, கசப்பு, இந்த நான்கும் நாக்கில் தெரிந்தன. மற்றதெல்லாம் போய்விட்டது. அன்று சாயங்காலம் குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அவன் அழுதான். மணம் முடித்து முப்பது வருடத்தில் அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. அவன் முதுகைத் தடவிக்கொண்டே அவள்தான் சொன்னாள்: "அழாதே. நான் சாப்பிட்டுப் பாத்துச் சொல்றேன், நீ எழுது. கொஞ்ச நாளைக்குத்தானே." அவன் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். பிற்பாடு கோபம் வரும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடுவாள்.

அப்போது அவள் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மதியத்தில் விடுப்பு கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இரண்டு வருடத்தில் வேலையை விட்டாள். வாரத்துக்கு ஆறு வேளை வெளிச் சாப்பாடு. திரும்பி வரும் வழியில் வண்டியில் அவள் சொல்லச் சொல்ல அவன் மனதில் வாங்கிக்கொள்வான். அவளுக்கு எப்போதுமே மூக்கு கூர்மை. வார்த்தையும் வந்தது. ஒரு ரீஸ்லிங் ஒயினைப் பற்றி, "மழை வரதுக்கு முன்னாடி கொடியில காயற துணி மாதிரி இருக்கு" என்றாள். சனிக்கிழமை அது அப்படியே அச்சில் வந்தது, கீழே அவன் பெயர். அந்த வருட ஒயின் சந்தையில் ஒரு பெரிய மனிதர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, "கொடித் துணின்னு ஒரு வரி எழுதினீங்களே, அதை வெட்டி பீரோ கதவுல ஒட்டி வச்சிருக்கேன்" என்றார். மார்லீஸ் பக்கத்தில் இரண்டு பேருடைய கோட்டையும் தூக்கிக்கொண்டு நின்றாள். ஃபெர்னான் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்திருப்பான் என்று வீட்டுக்கு வந்து அவனுக்காக அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பசி என்று ஒன்று வருவதே அவளுக்கு நின்றுபோயிருந்தது. வாயில் எதைப் போட்டாலும் அதற்கான சொல் முன்னால் வந்து நின்றது. வீட்டில் ஒரு துண்டு பாலாடைக்கட்டியைக் கிள்ளித் தின்றாலும் எதிர் அறையிலிருந்து, "எப்படி இருக்கு?" என்று குரல் வரும். அதைவிடக் கொடுமை சளி. அவளுக்கு மூக்கடைத்தால் அந்த வாரப் பக்கம் போச்சு. அதனால் ஃபெர்னான் அவள் மூக்கைக் கண்ணாடிச் சாமானைப் போலக் காத்தான். ஏப்ரல் வெயிலிலும் கழுத்துத் துணி இல்லாமல் வெளியே விடமாட்டான். டிராமில் யாராவது இருமினால் சட்டென்று நடுவில் வந்து நின்றுகொள்வான். வியாழக்கிழமை நீச்சலை நிறுத்தினாள். எதிர்வீட்டுக்காரி, "குடுத்துவச்சவ மார்லீஸ் நீ, உன் புருஷன் உன்னைத் தாங்கறானே" என்பாள். மார்லீஸ் சிரித்துவைப்பாள். வேறு என்ன செய்ய?

சென்ற மார்ச்சில் நாந்த் நகரத்திலிருந்து மகள் சொலேன் கூப்பிட்டாள். குழந்தை பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. "ஒரு மாசம் வந்து இரும்மா. எனக்குத் தூக்கமே இல்ல. பாத்ரூம் போகக்கூட ஆள் இல்லாம தவிக்கிறேன்" என்றாள். பேச்சின் நடுவே உடைந்துபோனாள். மார்லீஸ் போனைக் கீழே வைத்துவிட்டு நேராகப் போய்ப் பெட்டியை இறக்கினாள். ஃபெர்னான் அறைக் கதவில் சாய்ந்து நின்றான்.

"கைக்குழந்தை இருக்கற வீடு, மார்லீஸ். இந்த மாசத்துல அங்க எல்லாருக்கும் சளி."

"அதுக்கு?"

"ஒட்டிக்கும். அப்புறம் ரெண்டு மாசத்துக்கு ஒண்ணும் தெரியாது. புத்தக வேலை கொஞ்சம் ஓயட்டுமே. வெயில் காலத்துல ரெண்டு பேருமே போவோம்."

"உனக்குப் பேத்தி பிறந்திருக்கா, ஃபெர்னான்."

"தெரியும். எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" அவன் குரலில் உண்மையாகவே ஏக்கம் இருந்தது. "ஆனா நீ போயிட்டா நான் என்ன செய்யறது சொல்லு. காலியான ஆளா உக்காந்திருப்பேன்."

அவள் பெட்டியைத் திரும்ப மேலே வைத்தாள். ஏன் வைத்தாள் என்று பல நாள் யோசித்திருக்கிறாள். ஒரு மணி நேரம் கழித்து இருவரும் திராட்சைச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குப் போனது ஒரு கிராமத்தின் கடைசியில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த சின்னச் சாப்பாட்டு விடுதிக்கு. ரெஜான் என்ற பெண் தனியாக நடத்திக்கொண்டிருந்தாள். எட்டு மேசை. நாற்பது வயதிருக்கும், உயரமானவள், கன்னமெல்லாம் அடுப்புச் சிவப்பு. ஒபெர்லே வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் அவள் கையிலிருந்த தட்டுகள் கலகலவென்று ஆடின. அவளிடம் ஒரே விசேஷம்தான்: சட்டிக்கறி. மாடு, பன்றி, ஆடு என்று மூன்று கறியையும் வெள்ளை ஒயினில் ஊறவைத்து, உருளைக்கிழங்கும் வெங்காயமும் அடுக்கி, மூடியைச் சுற்றி மாவை வைத்து ஒட்டி, காலையிலிருந்து வேகவைப்பது. அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு செய்வதுதான். மேசையில் வைத்து மாவுப் பட்டையை உடைத்து மூடியைத் திறந்ததுமே மார்லீஸுக்குத் தெரிந்துவிட்டது. அடிபிடித்திருந்தது. கொஞ்சநஞ்சமல்ல. தீய்ந்த வாடை மேலடுக்குவரை ஏறியிருந்தது. அதை மறைக்க ரெஜான் மூடியைத் திறந்த கையோடு மேலே ஒரு பிடி வாசனைத் தழையைத் தூவினாள். மார்லீஸ் ஒரு வாய் வைத்தாள். முகம் தன்னால் சுளித்தது. சமாளித்து விழுங்கினாள்.

ஃபெர்னானும் ஒரு வாய் எடுத்தான். "லேசா கசக்குதே?" என்றான் தாழ்ந்த குரலில். நாக்குக்கு மிச்சமிருந்த நாலு சங்கதியில் ஒன்று அவனுக்கு எட்டியிருந்தது. அவன் அவள் முகத்தையே பார்த்தான். காலையில் திரும்ப மேலே வைத்த பெட்டி மார்லீஸின் நினைவைவிட்டு இறங்கவில்லை.

"அது கசப்பு இல்ல, புகை" என்றாள். "வேணும்னே கொண்டுவந்திருக்கா. பழைய திராட்சைக் கட்டையை எரிச்ச மாதிரி லேசான புகை வாசனை. அடியிலேருந்து மேல வரைக்கும் இழை மாதிரி ஓடுது. இந்த வருஷம் சாப்பிட்டதுலயே இதுதான்."

"இதுதானா?"

"இதுதான்."

அவன் முகம் மலர்ந்தது. அவள் தட்டைக் காலி செய்தாள், ஒவ்வொரு கருகலையும். அந்தச் சனிக்கிழமை வலது பாதி முழுக்க ரெஜானின் விடுதிதான். "பழந்திராட்சைக் கட்டையின் லேசான புகை வாசனை" என்பதையே தலைப்பாகப் போட்டிருந்தான்.

மார்லீஸ் காத்திருந்தாள். ஜனங்கள் போவார்கள், சாப்பிட்டுப் பார்ப்பார்கள், தீய்ந்த சட்டி எங்கே, அந்தப் பத்தி எங்கே என்று பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள். ஒபெர்லேக்கு நாக்கு செத்துவிட்டது என்று யாராவது ஒருவர் உரக்கச் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு அவள் நாந்துக்கு ரயிலேறலாம். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான். அந்த நிரபராதிப் பெண்ணின் அடுப்பில் கைவைக்கிறோமே என்று ஒருநாள் உறைத்தது, அதையும் தள்ளிவிட்டாள். கடிதங்கள் வந்தன. ஃபெர்னான் காலைச் சிற்றுண்டியில் சத்தமாகப் படித்துக் காட்டினான். ஒரு தம்பதி அந்தப் புகை வாசனைக்காகவே இரண்டு முறை போனார்களாம். ஜெர்மன் பக்கத்திலிருந்து ஆற்றைத் தாண்டி வண்டி வண்டியாக வருகிறார்களாம். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், அந்தப் புகையைக் கண்டுபிடிக்க ஒபெர்லேயால்தான் முடியும் என்று எழுதியிருந்தார். மார்லீஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள், ரொட்டி பிய்ந்துபோகும் வரை.

ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஃபெர்னான் பத்திரிகை அலுவலகக் கூட்டத்துக்குப் போயிருந்த நேரத்தில், வாசல் மணி அடித்தது. ரெஜான் நின்றிருந்தாள். இரண்டு முன்கைகளிலும் புதிதும் பழையதுமாகச் சூட்டுத் தழும்புகள். உள்ளே வந்தாள், உட்காரச் சொன்னபின்னும் நின்றாள்.

"முசியே இல்லாத நேரம் பாத்துத்தான் வந்தேன், மதாம். உங்ககிட்டதான் பேசணும்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு அது அடிபிடிச்சுப் போச்சு. காலையில என் பையனுக்குப் பள்ளிக்கூடத்துல கை முறிஞ்சிருச்சுன்னு போன் வந்தது. அடுப்பைக் குறைக்காமலே ஓடிட்டேன். வந்து பாத்தா நீங்க வந்து உக்காந்திருக்கீங்க. வேற சட்டி இல்ல." அவள் மார்லீஸை நேராகப் பார்த்தாள். "நீங்க முகத்தைச் சுளிச்சதை நான் பாத்தேன். அவரு சுளிக்கல."

மார்லீஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தானே அதில் உட்கார்ந்தாள்.

"அவரு எழுதினதுலேருந்து வர்றவன் எல்லாம் புகை எங்க, புகை எங்கன்னு கேக்கறான். முதல் ரெண்டு வாரம் ஒழுங்கா செஞ்சு வச்சேன் மதாம், என் மாமியார் செஞ்சதைவிட நல்லா இருந்துச்சு. மூஞ்சியைத் தூக்கிட்டுப் போனாங்க. என்னை ஏமாத்துக்காரின்னாங்க. அப்புறம் என்ன செய்ய? தினமும் வேணும்னே தீய வைக்கிறேன். பதினஞ்சு சட்டி. காலையில எழுந்து நல்ல கறியை எடுத்து, கழுவி, அடுக்கி, தீய வைக்கிறேன். அடியைச் சுரண்டிச் சுரண்டிக் கையைப் பாருங்க. என் பையன் இஸ்கூலுக்குப் போனா, 'கருகல் வாடை வருது'ன்னு பக்கத்துல உக்கார மாட்டேங்கறானுங்களாம்."

"கடை நல்லா ஓடுதில்ல?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக மார்லீஸ் கூசிப்போனாள்.

"ஓடுது. நிறுத்தத்தான் தெரியல." ரெஜான் சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்குச் சமைக்கத் தெரியும், மதாம். அதை யாருக்காவது காட்டணும்னு இருக்கு. புத்தகத்துக்கு செப்டம்பர்ல மறுபடி வருவாரில்ல? அன்னிக்கு நான் தீய வைக்க மாட்டேன். புகை இல்லாமலே நல்லாருக்குன்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தானே அவரு எழுதறாரு?"

எவ்வளவு தெரியும் இவளுக்கு என்று மார்லீஸ் நிமிர்ந்து பார்த்தாள். எல்லாம் தெரிந்திருந்தது. எட்டு மேசைக்குப் பரிமாறுகிறவளுக்கு யார் யார் வாயைப் பார்க்கிறார்கள் என்று தெரியாதா? "சொல்றேன்" என்றாள். ரெஜான் போனபிறகு நாற்காலியில், காற்றில், திரைச்சீலையில் அந்தக் கருகல் வாடை இருந்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். சாயங்காலம் வந்த ஃபெர்னானுக்கு எதுவும் தெரியவில்லை.

செப்டம்பர் கடைசியில் போனார்கள். திராட்சை அறுவடை நேரம். தெருவெல்லாம் பழம் ஏற்றிய இழுவைவண்டிகள், சாலையில் நசுங்கிய தோல், ஊரே புளித்த மாவு போல மணத்தது. பேத்திக்கு ஆறு மாதம் ஆகியிருந்தது. மார்லீஸ் அவளைப் போன் திரையில்தான் பார்த்திருந்தாள். வெயில் காலத்தில் ஃபெர்னான் இரண்டு முறை டிக்கெட் போட்டு இரண்டு முறையும் மாற்றினான். விடுதி நிரம்பியிருந்தது. ஜன்னலோர மேசையை ரெஜான் ஒதுக்கி வைத்திருந்தாள். கட்டம்போட்ட புதுத் துணி விரித்திருந்தாள். சட்டியைக் கொண்டுவந்து வைத்து மாவுப் பட்டையைக் கத்தியால் கீறி மூடியைத் தூக்கினாள்.

மார்லீஸ் மூச்சை இழுத்தாள். கிராம்பு, ஒயின், ஆட்டுக்கொழுப்பு, உருகிக் கரைந்துபோன வெங்காயத்தின் இனிப்பு. கருகல் எங்குமே இல்லை. ஒரு வாய் வைத்தாள். உருளைக்கிழங்கு நாக்கில் படிந்து தானாக உதிர்ந்தது. வெகுநாளைக்குப் பிறகு, சொல் எதுவும் வருவதற்கு முன்னால் அவள் இரண்டாவது வாய் எடுத்திருந்தாள்.

அவள் சொல்ல வேண்டியது சுலபம். இன்றைக்குப் புகை இல்லை, இல்லாமல் இன்னும் நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். வீட்டிலேயே ஒத்திகை பார்த்திருந்தாள். அவன் எழுதுவான், ரெஜானுக்கு விடிவு வரும், மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்கும். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்குள் ஃபெர்னான் ஒரு கரண்டி தின்றுவிட்டு ரெஜானைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டான். உற்சாகத்தில் அவளுக்காகக் காத்திருக்க மறந்துவிட்டான்.

"அதே புகை! அடியிலேருந்து மேல வரைக்கும் இழை மாதிரி ஓடுது பாருங்க. இதை நான் முதல் வாயிலேயே பிடிச்சிட்டேன். இருபத்திரண்டு வருஷ நாக்கு, மதாம். பழைய கட்டை, இல்லையா? முப்பது வருஷக் கொடியாவது இருக்கணும். எந்த மேட்டுல வெட்டினது?"

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். ரெஜான் மூடியைப் பிடித்தபடி நின்றாள். தழும்பேறிய கைகள். அவள் மார்லீஸைப் பார்க்கவில்லை. துணியின் கட்டங்களைப் பார்த்தாள். "மேற்கால மேட்டுல, முசியே" என்றாள் மெல்ல.

"புகை இல்ல, ஃபெர்னான்" என்றாள் மார்லீஸ்.

"என்ன?"

"இன்னிக்கு இதுல புகை இல்ல. அன்னிக்கும் இல்ல. அன்னிக்கு அடிபிடிச்சிருந்துச்சு. தீஞ்சுபோன சட்டி. நான் உன்கிட்டப் பொய் சொன்னேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. ரெஜான் மூடியை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஃபெர்னான் சிரிக்க முயன்றான். பக்கத்து மேசைக்குக் கேட்டதா என்று கண்ணை ஓட்டினான். யாருக்கும் கேட்டிருக்கவில்லை. பிறகு அவன் முகத்தில் இருந்த நிறம் மெதுவாக இறங்கியது.

"எதுக்கு?"

"சொலேன் கூப்பிட்ட அன்னிக்கு அது."

அவன் கரண்டியை வைத்தான். "வேற எது எதுல?"

"இது ஒண்ணுதான்."

"போன மாசம் அந்த மீன்?"

"இது ஒண்ணுதான்னு சொல்றேன்."

"கொடித் துணி?"

"ஃபெர்னான்."

"எனக்கு எப்படித் தெரியும், மார்லீஸ்?" என்றான். "நீ சொல்லு. எனக்கு எப்படித் தெரியும்?"

நான்கு வருடத்துச் சாப்பாடும் அவன் முன்னால் ஒரே நொடியில் வெறும் உப்பும் புளிப்பும் இனிப்பும் கசப்புமாகிவிட்டதை அவள் பார்த்தாள். தன்னை விடுவித்துக்கொள்ள இதைச் செய்தால் இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இலேசாக இல்லை. அவன் கையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. பிடித்திருப்பாள். அதற்குள் அவன், பழக்கத்தில், தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாமல், சட்டியைச் சற்று அவள் பக்கம் நகர்த்தினான்.

"சரி. இப்ப இது எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு."

"நல்லா இருக்கு" என்றாள்.

"எப்படி நல்லா இருக்கு?"

அவள் எழுந்தாள். நாற்காலிமேல் கிடந்த கைப்பையை எடுத்துக்கொண்டாள். கழுத்துத் துணி கீழே விழுந்தது, குனியவில்லை. மேசைகளுக்கு நடுவே நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு சாலைக்கு வந்தாள். எதிரே பேருந்து நிறுத்தம். ரயில் நிலையம்வரை போகும் பேருந்து இரண்டு பத்துக்கு. மணி இரண்டு ஐந்து. தூரத்து வளைவில் பேருந்து தெரிந்தது, ஆனால் அதற்கு முன்னால் திராட்சை ஏற்றிய ஓர் இழுவைவண்டி சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்துவந்தது. பேருந்தும் அதன் வேகத்திலேயே வந்துகொண்டிருந்தது.

அவள் திரும்பி விடுதியின் ஜன்னலைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தாள். ஃபெர்னான் தனியாக உட்கார்ந்திருந்தான். சட்டியைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்தான். அதை முகர்ந்து பார்க்கவில்லை, வாயில் வைக்கவும் இல்லை. சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையைச் சாய்த்து, ரொட்டியைக் காதோரம் கொண்டுபோய், இரண்டு கையாலும் மெதுவாக உடைத்தான். மேலோடு நொறுங்கும் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு இன்னொரு துண்டை எடுத்தான்.